பட்டு, மயிர், பருத்தி: பெங்களூர்த் தமிழர் வீட்டுப் பின்னல் நூல்

பெங்களூர்த் தமிழர் வரலாறு என்றால் அலசூர்ச் சோமேசுவரர் கோயிலில் தொடங்குவோம். பிறகு தண்டுப் பகுதிக்கு வந்து பட்டாளத்தையும் பள்ளிக்கூடங்களையும் சொல்லி, தங்கவயலை ஒரு சுற்றுச் சுற்றி, தமிழ்ச் சங்கத்துக்கு வந்து முடிப்போம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வரலாற்றில் ஆண்கள் வெளியே செய்த காரியங்களே மிகுதி. வீட்டுத் திண்ணையில் இரண்டு ஊசியும் ஒரு நூற்பந்தும் வைத்துக்கொண்டு பெண்கள் செய்த காரியத்துக்கு அதில் இடமில்லை. 'ஸ்வெட்டர் பின்றதுக்கெல்லாம் ஒரு வரலாறா?' என்று அன்பர்கள் கேட்கலாம். பின்னலைக்கூட விடுங்கள். பின்னுவதற்கு முன்னால் கடையில் நின்று நூல் தேர்ந்தெடுக்கிறார்களே, அந்தத் தேர்வுக்கே இவ்வூரில் நீண்ட வரலாறு உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

நூல் வாங்கப் போகிறவர் மூன்று கேள்வி கேட்பார். என்ன கலர், சாயம் நிற்குமா? என்ன இழை, உடம்பில் குத்துமா? எப்படித் துவைக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதிலைத் தாமே சொல்லிக்கொண்டதாக வாங்குகிறவர் நினைப்பார். உண்மையில் ஒரு காலத்தில் ஆடு மேய்த்தவரும், பிறகு பட்டாளமும், பிறகு ஆலையும், அதன்பின் எண்ணெய் சுத்திகரிப்புத் தொழிலும் அந்தப் பதிலை எழுதி வைத்துவிட்டன. மீதி இருந்த கொஞ்ச இடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் தங்கள் அறிவைக் காட்டினார்கள். அந்தக் கொஞ்ச இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இளங்கோவும் பின்னி ஆலையும்

சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து நெசவாளர் இருக்கையைச் சொல்லும் இளங்கோவடிகள், அவர்கள் கையாண்ட பொருள்களாகப் பட்டு, மயிர், பருத்தி நூல் என்ற மூன்றையும் அடுக்கிச் சொல்கிறார். 1884ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்ட ஓர் ஆலையின் பெயர் 'பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ்'. கம்பளி, பருத்தி, பட்டு. வரிசைதான் மாறியிருக்கிறது, பொருள் மூன்றும் அவையே. வெள்ளைக்காரத் துரைமார் சிலம்பு படித்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. இருந்தாலும் இந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்?

சிலம்பின் 'மயிர்' என்பதற்கு உரைகாரர் எலிமயிர் என்று பொருள் கொண்டார். சீவக சிந்தாமணியிலோ நெருப்பை உண்ணும் செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலம் ஒன்று வருகிறது. அழுக்கானால் நெருப்பில் போட்டு எடுத்துவிடலாம் என்கிற துணியைப் பற்றிச் சீனத்திலும் பழங்கதை உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. கல்நார் என்று இன்று நாம் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் இழையைப் பார்த்துப் பிறந்த கதைகள் அவை என்பர். துணி துவைக்கும் முறையைப் பற்றி இதைவிடத் துணிச்சலான குறிப்பை நான் படித்ததில்லை.

அந்த ஆலையை 1886இல் சென்னைப் பின்னி கம்பெனி எடுத்துக்கொண்டது. பின்னி என்பது ஒரு வெள்ளைக்கார வணிகக் குடும்பத்தின் பெயர். ஆனால் தமிழ்க் காதுக்கு அது வினையெச்சம். 'பின்னி' என்றால் ஏதோ பின்னி முடித்த மாதிரி. ஆலையைச் சுற்றி எழுந்த பேட்டையும் பின்னிப்பேட்டை ஆயிற்று. 'பின்னியில வேல பாக்கறாரு' என்று சொன்னால், என் சிறுவயதில், மாமா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறார் என்றே நினைத்தேன். அவ்வாலை பெயர் வாங்கியது கம்பளிப் போர்வைக்கும் சீருடைத் துணிக்கும். மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயரின் 1998ஆம் ஆண்டு நூலைப் படிப்பவர்களுக்கு அங்கே உழைத்தவர்களின் உலகம் விரிவாகக் கிடைக்கும். இன்று ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகளும் அங்காடி வளாகமும் நிற்கின்றன.

இன்னொரு சேதி. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவான நாள் 1884 சனவரி 13. கம்பளி ஆலை தொடங்கிய அதே ஆண்டு, பொங்கல் சமயம்! இதில் காரண காரியம் எதுவும் இல்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

கறுப்புக் கம்பளி

ஆலை வருவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வட்டாரத்தில் கம்பளி இருந்தது. கன்னடத்தில் குருபர் என்றும் நம் பக்கம் குரும்பர் என்றும் வழங்கும் ஆயர் மக்கள், சித்ரதுர்கா, சள்ளகெரே தொடங்கி இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி வரை ஆடு வளர்த்து, மயிர் கத்தரித்து, கையால் நூற்று, குறுகலான தறியில் போர்வை நெய்தார்கள். 1800ஆம் ஆண்டு, திப்பு வீழ்ந்த மறுவருடம், மைசூர் நாடெங்கும் சுற்றி 1807இல் மூன்று தொகுதியாக நூல் வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன் இம்மக்களையும் அவர்கள் நெசவையும் விவரித்திருக்கிறார்.

தக்காணத்து ஆட்டு மயிர் பருமனானது, முரடானது. பெரும்பாலும் கறுப்பு. அதற்குச் சாயம் ஏற்றுவதில்லை. ஆட்டின் நிறமே நூலின் நிறம். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். இப்படி நெய்த கம்பளியில் மழைத் தண்ணீர் சட்டென்று இறங்காது. மேய்ச்சலுக்குப் போகிறவனுக்கு அது குடை, பாய், போர்வை எல்லாம். துவைப்பதோ அபூர்வம். நம்முடைய மூன்று கேள்விகளுக்கும் ஆடே பதில் சொல்லிவிட்ட காலம் இது என்று கொள்ளலாம்.

ஆனால் இந்த நூலைக் குழந்தை உடம்பில் போட முடியாது. ஏன் என்பதற்கு இன்றைய அறிவியல் தெளிவாக விடை சொல்கிறது. கம்பளி இழையின் பருமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேல் போனால் இழையின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டு மயிர் 24 மைக்ரானுக்கு உட்பட்டது, வளைந்து கொடுக்கும். தக்காணத்து மயிர் இந்த வரம்பைத் தாண்டி எங்கோ நிற்கிறது. 'இது குத்துது' என்று குழந்தை அழுவதற்குப் பின்னால் இவ்வளவு கணக்கு.

1834 முதல் 1861 வரை மைசூருக்குக் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் காலத்தில், நாகமங்கலம் பக்கம் அரசாங்க ஆட்டுப் பண்ணை வைத்து, மெரினோ கடாக்களை வரவழைத்து, நாட்டு ஆட்டு மயிரை நயமாக்க முயன்றார்கள். முயற்சி நிலைக்கவில்லை. நீலகிரியில் மட்டும் மெரினோ, செவியட் முதலிய சீமை இனங்களையும் கோயம்புத்தூர் ஆட்டையும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆடு நிலைத்தது. தென்னாட்டில் நயமான மயிர் தரும் ஆடு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதன் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்து வருகிறது.

ஊசி வந்த வழி

நெசவு நமக்குப் பழையது. இரண்டு ஊசியால் பின்னுவது வந்த வித்தை. சமவெளித் தமிழனுக்கு அது தேவைப்படவும் இல்லை. மார்கழிக் குளிருக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். 1809 வாக்கில் பெங்களூரில் படைத்தளம் அமைந்து, அதன் பின்னால் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மேட்டு நிலத்துக்கு ஏறி வந்த குடும்பங்களுக்குத்தான் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக் குளிர் என்ன என்பது தெரிந்தது. கொல்லும் குளிர் அல்ல. ஆனால் ஆடி மாதத்துச் சாரலிலும் தை மாதத்து விடியற்காலையிலும் பச்சைக் குழந்தையை வெறும் துணியில் சுற்றிவைக்க முடியாத குளிர்.

பட்டாளத்து வெள்ளைக்காரப் பெண்களிடமிருந்தும், 1854இல் வந்த குட் ஷெப்பர்டு கன்னியரும் 1882இல் வந்த தார்பெசு நகரத்துப் புனித சூசையப்பர் கன்னியரும் போன்ற சபையினர் நடத்திய பள்ளிகளின் தையல் வகுப்புகளிலிருந்தும் இவ்வித்தை தண்டுப் பகுதித் தமிழ் வீடுகளுக்குள் பரவியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுப் பெண்கள் பேச்சே இதற்குச் சான்று. நெசவுக்குப் பாவு, ஊடை, புணி என்று தமிழ்ச் சொல் வைத்திருக்கும் நாம், பின்னலுக்கு 'நிட், பர்ல், காஸ்ட் ஆன்' என்றே சொல்லிக்கொண்டோம். நூலுக்கும் 'உல்லன்' என்றுதான் பெயர். புரி என்ற ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்தது. 'நாலு புரி உல்லன் குடுங்க' என்றுதான் என் பெரியம்மா கடையில் கேட்பார்.

பட்டாளம் இருக்கும் ஊரில் நிறத்தைப் பட்டாளம் தீர்மானித்தது. உலகப் போர்கள் இரண்டிலும் படைவீரர்களுக்காகக் காலுறை, கழுத்துப்பட்டி, குல்லாய் பின்னித் தருவது வெள்ளைக்கார உலகெங்கும் பெண்களின் கடமையாக இருந்தது. அதன் அலை படைத்தளம் உள்ள ஊர்களையும் தொட்டது. காக்கி, சாம்பல், கருநீலம், இவையே கிடைத்த நிறங்கள். இன்று 'மங்கி கேப்' என்று நாம் கேலி செய்யும் முகம் மூடும் குல்லாய்கூட ஒரு போரின் பெயரைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பாலக்லாவா என்பர். 1854இல் கிரீமியப் போரில் சண்டை நடந்த ஊர் அது. குளிர்காலத்தில் சென்னையிலிருந்து இங்கே வந்திறங்கும் நம் உறவினர் ரயிலிலேயே அதை மாட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கிரீமியா நினைவு வரும்.

கைப்பின்னலுக்கான நூல் சீமையிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்தது. கான்பூர் கம்பளி ஆலை 1876இலும், பஞ்சாபின் தாரிவால் ஆலை 1880இலும் தொடங்கியவை. கான்பூர் ஆலையின் சரக்குக்கு 'லால் இம்லி' என்று பெயர். இந்தியில் சிவப்புப் புளி என்று பொருள். இங்கே குரும்பர் கம்பளிக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி, அங்கே கம்பளி ஆலைக்கே புளியின் பெயர். கம்பளிக்கும் புளிக்கும் அப்படி என்ன உறவோ!

அரக்கு என்ற நிறம்

சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூல் கடையில் பெண்கள் அதிக நேரம் நிற்பது இங்கேதான்.

புக்கானன் பெங்களூர்ப் பேட்டையில் பார்த்த பட்டு நெசவாளர் அரக்கு, கபிலப்பொடி, மஞ்சள், அவுரி இவற்றால் சாயம் ஏற்றினார்கள். அரக்கு என்பது மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி தரும் பொருள். அதன் சிவப்பு பட்டிலும் கம்பளியிலும் நன்றாக ஏறும். 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் லண்டனில் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் செடி, வேர், பூச்சிச் சாயங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1897இல் ஜெர்மன் கம்பெனி செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகச் சாயத் தொழில் பெரும்பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனதால், 1914இல் போர் மூண்டதும் இந்தியாவில் சாயப் பஞ்சமே வந்தது.

சாயம் மாறினாலும் சொல் மாறவில்லை. பின்னல் நூல் கடையில் நம்மவர் கேட்கும் நிறங்கள் பட்டுப்புடவைக் கடையிலிருந்து வந்தவை. அரக்கு, மயில்கழுத்து, வெங்காயக் கலர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம். மார்வாடிக் கடைக்காரர் 'மெரூன்' என்பார், 'அரக்குக் கலர்ல காட்டுங்க' என்று அம்மா விடாமல் சொல்வார், கடைசியில் அவரும் அரக்கு என்று சொல்லக் கற்றுக்கொள்வார். பூச்சி போய் நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் பெயர் நம் வாயில் இருக்கிறது.

நிறத் தேர்வில் நம் வழக்கங்களும் புகுந்தன. குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் தைக்கவோ பின்னவோ கூடாது என்பது பல வீடுகளில் இருந்த நம்பிக்கை. ஆகவே பிரசவம் ஆன செய்தி வந்த பிறகுதான் நூல் வாங்குவார்கள். பதினாறாம் நாள் பெயர் வைப்பதற்குள் முடிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். கறுப்பு ஆகாது. வெள்ளை அழகு, ஆனால் வயல், மை, பால் எல்லாம் படும். இளமஞ்சளில் போய் நிற்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கோ இந்தத் தொல்லையே இல்லை, பள்ளி சொன்ன கருநீலமோ பாட்டில் பச்சையோதான்.

சாயம் நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நூலில் ஒரு சாண் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணி மடிப்பில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். துணியில் கறை ஏறினால் அந்த நூலைத் தனி நிறமாக மட்டும் பயன்படுத்துவார்கள், வெள்ளையோடு சேர்த்துக் கட்டம் போட மாட்டார்கள். சிவப்புதான் முதல் குற்றவாளி. இன்னொன்று லாட் நம்பர். ஒரே நிறமாக இருந்தாலும் வெவ்வேறு தொட்டியில் சாயம் ஏற்றிய நூலில் சாயல் வேறுபடும். கடை வெளிச்சத்தில் தெரியாது, பின்னி முடித்து வெயிலில் போட்டதும் முதுகில் கோடு விழுந்த மாதிரி தெரியும். ஆகவே ஒரு பந்து கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்கிவிட வேண்டும்.

அம்மாவின் நோட்டு

என் தாயார் ஒரு நோட்டு வைத்திருந்தார். பின்னிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்க ஓரத்தில் துளை போட்டு அந்த நூலில் ஒரு முடிச்சுக் கட்டியிருப்பார். பக்கத்தில் யாருக்கு, என்ன ஊசி, எவ்வளவு நூல் என்ற குறிப்பு. 1957இல் தொடங்குகிறது. முதல் சில பக்கங்களில் நூலின் எடை அவுன்சில் இருக்கிறது. பிறகு கிராமுக்கு மாறுகிறது. மெட்ரிக் எடைகள் இந்தியாவில் 1958 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன் அந்த நோட்டில்தான் பார்த்தேன்.

நோட்டைப் புரட்டினால் இந்தியத் துணித் தொழிலின் போக்கே தெரிகிறது. முதல் இருபது ஆண்டு முடிச்சுகள் பெரும்பாலும் அசல் கம்பளி. சில இடத்தில் அந்து அரித்து முடிச்சே இல்லை, துளை மட்டும் இருக்கிறது. அதன்பின் வரும் முடிச்சுகளை எந்த அந்தும் தொடவில்லை. நிறமும் வாங்கிய அன்று போலவே இருக்கிறது. அவை அக்ரிலிக்.

அக்ரிலிக் இழையை அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி 1950இல் ஆர்லான் என்ற பெயரில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. நம்மூர்ப் பெண்களுக்கு அது அறிமுகமானது 'கேஷ்மிலான்' என்ற பெயரில். அது ஜப்பானின் அசாகி கம்பெனி தன் இழைக்கு வைத்த பெயர். அதில் காஷ்மீர் என்பது போல ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். 'காஷ்மீர் உல்லன்' என்றே பலர் நம்பி வாங்கினார்கள். 1970களின் இறுதியில் வடோதராவில் பொதுத்துறை பெட்ரோ கெமிக்கல் ஆலையில் இந்த இழை உற்பத்தி தொடங்கியது. 1949 முதல் இயங்கும் ஓஸ்வால், 1965 முதல் இயங்கும் வர்த்தமான் போன்ற பெயர்களால் அறியப்பட்ட லூதியானா நகரம் நாட்டின் பின்னல் நூலுக்குத் தலைநகரமாயிற்று. பெங்களூர்ச் சிக்கப்பேட்டையிலும் கமர்ஷியல் தெருவிலும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற பந்துகள் அங்கிருந்து வந்தவையே.

ஆயத்த ஸ்வெட்டரும் லூதியானாவிலிருந்துதான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு. 1960 தொடங்கிப் பைலக்குப்பையில் குடியமர்ந்த திபெத்திய அகதிகள் குளிர்காலத்தில் பெங்களூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றுப் பிழைத்தார்கள். இன்றும் விற்கிறார்கள். பின்னும் செலவைவிடக் குறைந்த விலையில் பின்னிய சட்டை கிடைத்தபோது, நோட்டில் பக்கங்கள் குறையத் தொடங்குகின்றன.

அக்ரிலிக்கை நான் பழித்துப் பேச விரும்பவில்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் உடம்பில் ஸ்வெட்டர் ஏறியது அதனால்தான். துவைக்கலாம், சுருங்காது, அந்து அரிக்காது, பளிச்சென்ற நிறம். எடை குறைவான இழை என்பதால் நூறு கிராமில் நீளமும் கூடுதல். குறை என்ன? வியர்வையை வாங்காது. நூறு கிராம் கம்பளி, கை தொட்டால் உலர்ந்திருப்பது போலவே இருந்துகொண்டு, காற்றிலிருந்து முப்பது கிராம் வரை ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் இரண்டு கிராமைத் தாண்டாது. பெங்களூரில் காலையில் 16 டிகிரி, நண்பகலில் 28 டிகிரி. காலையில் போட்ட அக்ரிலிக் சட்டைக்குள் பத்து மணிக்குக் குழந்தை நனைந்துபோய் இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை நெருப்பு. கம்பளியில் தீப்பற்றினால் மெதுவாகக் கருகி, தீயை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். அக்ரிலிக் பற்றி எரியும், உருகும், உருகியது தோலில் ஒட்டும். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் தவழ்ந்த ஒற்றை அறை வீடுகளுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. எங்கள் தெருவில் பெண்கள் நூல் வாங்கியதும் ஓர் இழையைக் கிள்ளி, விளக்கில் காட்டுவார்கள். தலைமயிர் கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடியானால் அசல் கம்பளி. காகிதம் எரிவது போல் இருந்தால் பருத்தி. கறுப்பு மணியாகத் திரண்டு, நசுக்க முடியாமல் இருந்தால் அக்ரிலிக். 'மணி கட்டுது, இது கேஷ்மிலான். கைப்புள்ளைக்கு வேணாம்' என்று பெரியம்மா தள்ளி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அசல் கம்பளியைக் காட்டும் உல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. அதைத் தேடத் தெரியாத காலத்திலும் இந்த விளக்குச் சோதனை இருந்தது. இழையியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் செய்வதும் இதே சோதனைதான்.

பூந்திக்கொட்டை

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். சூடான நீர், காரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். குரும்பர் போர்வைக்கு அந்தக் கெட்டிதான் வேண்டும். குழந்தைச் சட்டைக்கு அதுவே கேடு. துணி சோப்பும், 1959இல் வந்த சர்ஃப் தொடங்கிச் சலவைத் தூள்களும் காரமானவை. தமிழ் வீடுகளில் இதற்கு விடை முன்பே இருந்தது. பட்டுப்புடவைக்குப் பயன்படுத்திய பூந்திக்கொட்டை, கன்னடத்தில் அண்டுவாளக்காய். உடைத்து ஊறவைத்த நீரில் காரம் கிடையாது. கம்பளியை அதில் அமுக்கி எடுப்பார்கள். கசக்க மாட்டார்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, பாயில் விரித்து நிழலில் காய வைப்பார்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டுவிடும்.

பெட்டியில் எடுத்து வைக்கும்போது வசம்பும் வேப்பிலையும் போடுவது பழைய வழக்கம். பிறகு பாச்சை உருண்டை வந்தது. இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு நாப்தலீன் நெடி ஏறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரைத் துவைத்து வெளிக்காற்றில் நன்றாக ஆற வைக்காமல் குழந்தைக்குப் போடக் கூடாது. வசம்புக்கே திரும்பிவிடுவது இன்னும் நல்லது.

இப்போது நம் பேரப்பிள்ளைகள் டொரன்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். இங்கிருந்து பாட்டி அசல் கம்பளியில் பின்னி அனுப்புவார். அங்கே மருமகள் மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் போட்டு, உலர்த்தியிலும் போட்டு எடுத்தால், அது பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே வரும். எனக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒரு சட்டை வந்தே விட்டது. இரண்டு பேரும் ஒரு மாதம் பேசவில்லை! செதில்களைக் குளோரினால் மழுக்கி மெல்லிய பூச்சுப் பூசிய, இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கம்பளி 1970களிலிருந்தே உலகச் சந்தையில் இருக்கிறது. உறையில் தொட்டிப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம். கையால் மட்டும் துவைக்க வேண்டிய நூல் என்றால் தொட்டிக்குள் ஒரு கை படம் இருக்கும். பின்னி அனுப்புகிறவர் நூல் உறையையும் கூடவே வைத்து அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டியிருப்பது கம்பளியும் இல்லை, அக்ரிலிக்கும் இல்லை. மாம்பழ மஞ்சளில் பருத்தி நூல், நாலு புரி. பருத்தி நீட்சி கொடுக்காது, அதனால் கையிலும் இடுப்பிலும் பட்டிக்கு ஊசியை ஒரு அளவு குறைத்திருக்கிறார். கீழே அம்மாவின் கையெழுத்தில், 'சின்னவ பொண்ணுக்கு. 150 கிராம். பெங்களூர் குளுருக்கு இது போதும். மிஷின்ல போடலாம்' என்று இருக்கிறது.